எட்டுக்கு ஒன்பதாகப் பின்னிய ஸ்வெட்டர்

நம் வயதில் இருப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால், "சரி, அதுக்கு இப்ப என்ன?" என்று கேட்பார்கள். உங்களில் யாராவது சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பியை ஊசியாக்கி ஸ்வெட்டர் பின்னியிருந்தால், பாதிக் கதை உங்களுக்கே தெரியும். நான் பின்னியிருக்கிறேன். ஒன்றே ஒன்று, பன்னிரண்டு வயதில். அதற்குப் பிறகு உல்லன் நூலைக் கையால் தொட்டதில்லை, போன மாதம் வரைக்கும்.

ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காகத் தெரிந்த வேலை கவலைப்படுவது ஒன்றுதான். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று இறங்கி வந்து பார்ப்பேன். "கவலப்பட ஒண்ணுமே இல்லன்னா, அதுக்கும் ஒரு கவலப்படுவீங்க அத்தை" என்பாள் மருமகள். இது எங்கே தொடங்கியது என்று அவளுக்குத் தெரியாது. தம்பியின் நெஞ்சில் தொடங்கியது.

தம்பிக்கு அப்போது ஐந்து வயது. பிறந்த வருடத்திலிருந்தே இழுப்பு. மூச்சை வெளியே விடும்போது சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவது போல நீளமாக ஒரு சத்தம் வரும். கடைசியில் சின்னதாக ஒரு விசில். அந்த விசிலுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில்தான் நான் வளர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறதா, அடுத்தது வருகிறதா என்று விரல் விட்டு எண்ணுவேன்.

எங்கள் வீடு, விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கத்தில் ஒரு லைன் வீடு. அப்பா ஒரு கம்பெனியில் அச்சு செய்பவர். அதே கம்பெனி ஷெட்டில் அம்மாவுக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் சாமான்களின் ஓரப் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து எடுக்க வேண்டும். பொம்மை, கப்பு, கரண்ட்டு போர்டில் மாட்டுகிற பீஸ் கேரியர் எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் சூளைக்குப் போகும். இரண்டு பேரும் வீடு திரும்பும்போது புருவம்வரை வெள்ளையாக இருப்பார்கள். அப்பா வாசலில் நின்று தலைத்துண்டை உதறுவார். மாலை வெயிலில் தூசி மினுமினுக்கும். தம்பி ஓடிப்போய் அதற்குள் நின்று இரண்டு கையாலும் பிடிப்பான். "மழ பேயுதுக்கா!" என்பான். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். சிரித்ததைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த வருடம் ஆவணியில் இழுப்பு வந்து மூன்று நாள் அடங்கவில்லை. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். பையை இறக்கி வைக்காமலே தம்பியின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா இது, புள்ள நெஞ்சு இப்பிடித் தூக்கித் தூக்கிப் போடுது?"

"குளுரு ஒத்துக்கலண்ணா. ஆத்துக் காத்து வேற."

"எங்க ஊர்ல குளுரு இல்லியா? எங்க வூட்ல மூணு பொட்டப் புள்ளைங்க இருக்குதுங்க. ஒண்ணுக்காவது இழுப்பு இருக்குதா? குடு, நான் கூட்டிட்டுப் போறேன். அங்கியே படிக்கட்டும்."

அம்மா தம்பியின் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று பெண்ணுக்கு நடுவில் ஓர் ஆண்பிள்ளை வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை இருந்ததோ என்னவோ. அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தம்பியைக் கேட்கிறார், அவ்வளவுதான் தெரிந்தது.

"மார்கழி வரைக்கும் பாக்கறேன்ணா" என்றாள் அம்மா கடைசியாக. "மார்கழியில இழுக்கலன்னா எங்கிட்டயே இருக்கட்டும். இழுத்துச்சுன்னா நீயே கூட்டிட்டுப் போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பேச்சு முடிந்துவிட்டது. நான் மட்டும் உள்ளே முடிக்கவில்லை. இழுப்பு குளிரால் வருகிறது. மார்கழிக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கைவேலை டீச்சர் அந்த வருடம்தான் எங்களுக்கு உல்லன் பின்னச் சொல்லிக்கொடுத்திருந்தார். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என்ன வரும்? ஒரு ஸ்வெட்டர் வரும். கழுத்து மூடி, முழுக்கை வைத்து, இடுப்புக்குக் கீழே இறங்குகிற மாதிரி. அதை நான் முடித்தால் தம்பி இங்கே இருப்பான். முடிக்காவிட்டால் போய்விடுவான். அந்தக் கணக்கில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

டீச்சரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "முழுக்கை ஸ்வெட்டரா? ரெண்டு மாசமா ஒரு குல்லா முடிக்கல நீ. மொதல்ல அத முடிச்சிட்டு வா." குல்லாவைத்தான் முதலில் முடிப்பேன் என்று பொய் சொல்லி, பின்னல் கண்ணியைக் கூட்டுவது, குறைப்பது, கை வைப்பது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். தீபாவளிக்குப் பாவாடை வேண்டாம், அந்தக் காசுக்கு இப்போதே உல்லன் நூல் வாங்கிக் கொடு என்று அம்மாவிடம் மூன்று நாள் அழுதேன். கடைத்தெருவில் நூல் எடுத்துப் போட்ட கடைக்காரர், "இன்னாம்மா, குடும்பத்தோட ஊட்டிக்குப் போறீங்களா?" என்று கேட்டார். நாவல்பழ நிறத்தில் எட்டு உருண்டை வாங்கினோம். அந்த நிறத்தைப் பார்த்தாலே நாக்கில் துவர்க்கும்.

அன்றிலிருந்து என் நாளெல்லாம் வரிக்கணக்கு ஆனது. குழாயில் ஒரு குடம் நிறைய அரை வரி. உலை கொதிக்க ஒரு வரி. பால்வாடிக்குப் போக மாட்டேன் என்று தம்பி தூணைக் கட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் ஒன்றரை வரி. ரேஷன் கடை வரிசையில் நின்றால் நாலு வரி கிடைக்கும்; அதனால் மண்ணெண்ணெய் வாங்கும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அம்மா கூப்பிட்டால் என் வாயில் ஒரே பதில்தான். "இந்த ஒரு வரி முடிச்சிட்டு வரேம்மா." சோறு இரண்டு தடவை அடிப்பிடித்தது. குளத்து மீன் குழம்பில் உப்பே போடாமல் இறக்கினேன். அப்பா அதைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பையும் பின்னிட்டியா யம்மாடி?" என்றார்.

வீட்டில் கிடைத்த நேரம் போதவில்லை. பள்ளிக்கூடத்தில் டெஸ்குக்கு அடியில் பின்ன ஆரம்பித்தேன். ஒன்பது அங்குலம் முதுகுத் துண்டு வளர்ந்திருந்தபோது கணக்கு சார் பார்த்துவிட்டார்.

"யாரக் குத்தறதுக்கு எடுத்துட்டு வந்த இத?" என்று கேட்டு, வகுப்பு சிரித்து முடிக்கும் முன்னால் இரண்டு கம்பியையும் உருவிக்கொண்டார். கம்பி போனதும் அறுபத்து நாலு கண்ணியும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. "அப்பாவக் கூட்டிட்டு வா, கம்பியத் தரேன்."

மதியம் அந்தத் துண்டை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். தளும்பத் தளும்பத் தண்ணீர் கொண்டுபோவது போல. நடக்க நடக்க ஒவ்வொரு கண்ணியாக அவிழ்ந்து ஓடியது. மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்கு மறுநாளும். பத்து நாள் கழித்து அப்பா கேட்டார்.

"ஸ்கூலுக்குப் போலியா?"

"மார்கழிக்கு அப்புறம் போறேம்ப்பா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "சரி, ஷெட்ல எனக்கும் கொஞ்சம் ஒத்தாசையா இருக்கட்டும்" என்றாள் அம்மா. என் படிப்பு இப்படித்தான் நின்றது. மார்கழிக்கு அப்புறம் அவர்களும் கேட்கவில்லை, நானும் போகவில்லை.

கம்பி போன விஷயத்தை அன்றைக்கு அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. சைக்கிள் கடையில் வேறு இரண்டு போக்ஸ் கம்பி வாங்கி, சாணைக்கல்லில் நுனியைத் தேய்த்தார். கண்ணி நழுவாமல் இருக்க, மறுமுனையில் மொச்சைக்கொட்டை அளவு பீங்கான் குமிழ் செய்து, பளபளக்கும் நீலக் கிளேஸ் பூசி, கம்பெனிச் சூளையில் மற்ற சாமான்களோடு வைத்துச் சுட்டு, கம்பியில் பொருத்திக் கொண்டுவந்தார். அவ்வளவு அழகான ஊசி எந்தக் கடையிலும் இருந்திருக்காது. இப்போது அவற்றில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்றும் தெரியவில்லை.

ஊசியைக் கொடுத்த கையோடு என் பின்னலை எடுத்து அளந்தார். அளந்தது தன் ஸ்கேலால்.

அந்த ஸ்கேலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பார்க்கச் சாதாரண மர ஸ்கேல். ஆனால் அது பொய் சொல்லும். பச்சை மண் சூளையில் வெந்தால் சுருங்கும். எட்டு அங்குலப் பொம்மை வேண்டுமென்றால் ஒன்பது அங்குலத்துக்கு அச்சு செய்தாக வேண்டும். எட்டுக்கு ஒன்பது. ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று அப்பா தன் கையால் கோடு போட்டு வைத்திருந்த ஸ்கேல் அது. அதில் ஒவ்வொரு அங்குலமும் கொஞ்சம் நீளம். எட்டு என்று எழுதியிருக்கும் இடத்தில் கடை ஸ்கேலை வைத்தால் ஒன்பது காட்டும்.

"நீ எதால அளந்த?"

"ஸ்கூல் ஸ்கேலுப்பா."

"அதான். இப்ப சரியா இருந்தா அப்புறம் பத்தாமப் பூடும்."

"நூலு சூளைக்குப் போவாதேப்பா."

"தண்ணிக்குப் போவுமில்ல? உல்லன் தண்ணியில போட்டா சுருங்கும்னு சொல்லுவாங்க. எம்மாம் சுருங்கும்னு எனக்குத் தெரியாது. மண்ணுக்கு இம்மாம்னா நூலுக்கும் இம்மாம் வெச்சிக்குவோம். பெருசாப் போனா பரவால்ல. சின்னதாப் போனா ஒண்ணும் பண்ண முடியாது."

மண்ணைத் தவிர வேறு ஒன்றையும் அளந்து பழகாதவர் அவர். டீச்சரைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தெரிந்திருக்கும். ஆனால் டீச்சரைப் பார்க்கப் போனால் கணக்கு சார் இருப்பார். அதனால் கேட்கவில்லை. ஒன்பது அங்குலத்தையும் அவிழ்த்தேன். அப்பாவின் ஸ்கேலை வைத்து, எழுபத்து இரண்டு கண்ணியில் புதிதாக ஆரம்பித்தேன்.

ஷெட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு மணைப்பலகையில் உட்காருவேன். பத்து சாமான் துடைத்தால் ஒரு வரி. மேஸ்திரி போகும்போது மடியில் ஸ்பாஞ்சு இருக்கும். போன பிறகு ஸ்வெட்டர் இருக்கும். அங்கிருந்த அக்காமார்களுக்கு என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் பொழுது போகாது.

"இன்னாடி, மாப்பிள்ளைக்கா பின்ற?"

"தம்பிக்கு."

"இம்மாம் பெருசா இருக்குது, தம்பிக்கா? உன் மாமனாருக்கே பத்தும்டி."

"சும்மா இருங்கடி, கண்ணி தப்பிச்சுன்னா அழுவும்" என்பாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

எனக்கு உள்ளங்கை வேர்க்கும். பயந்தால் இன்னும் வேர்க்கும். நாள் நெருங்க நெருங்கக் கம்பி வழுக்கியது, நூல் விரலில் ஒட்டியது. அச்சில் மண் ஒட்டாமல் இருக்க ஒரு வெள்ளைப் பவுடர் தூவுவார்கள். ஷெட்டில் டின் டின்னாக இருக்கும். ஒரு நாள் அதில் விரலைத் தோய்த்துப் பார்த்தேன். கை உலர்ந்து நூல் சர்ரென்று ஓடியது. அன்றிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை தோய்ப்பேன். சில நாள் ஒவ்வொரு கண்ணிக்கும். நாவல்பழம் மெல்ல மெல்லச் சாம்பல் பூத்தது. சாயம் போகிற நூல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு நாள், வெயிலில் காயவைத்த பலகைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா சூளைப் பக்கம் போனாள். பலகைகளில் சுடாத மண் கப்புகள் வரிசையாக இருந்தன. நான் கை இணைக்கும் இடத்தில் கண்ணி குறைத்துக்கொண்டிருந்தேன். தூறல் விழுந்தது தெரிந்தது. இந்த ஒரு வரி, இந்த ஒரு வரி என்று உட்கார்ந்திருந்தேன். தலையைத் தூக்கியபோது கப்புகள் எல்லாம் இடுப்பு மடங்கி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, பார்க்கப் பார்க்கச் சேறாகிக்கொண்டிருந்தன.

மேஸ்திரி எல்லோருக்கும் முன்னால் அம்மாவை நிற்கவைத்துத் திட்டினார். "இது பீங்கான் கம்பெனியா, உல்லன் கம்பெனியா? சொல்லும்மா." அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் வந்து சேறாகிப் போன பலகையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே, "முடிச்சிட்டியா அந்த வரிய?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளும் அந்த ஸ்வெட்டரை நம்பினாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கார்த்திகை கடைசி நாள் முடித்தேன். தம்பிக்கு மாட்டினோம். கீழே முட்டியைத் தொட்டது. கைகள் விரல் நுனியைத் தாண்டித் தொங்கின. ஸ்கேல் கூட்டியது போதாதென்று, பயத்தில் நானும் ஒவ்வொரு அளவிலும் கொஞ்சம் கூட்டியிருந்தேன்.

"இதுல ரெண்டு தம்பி போவானேடி" என்றாள் அம்மா.

"ஒரு தண்ணி அலசினா அளவுக்கு வந்துடும்" என்றார் அப்பா.

நான் விடவில்லை. சூளையிலிருந்து வெளியே வரும் சாமான்களைத் தினமும் பார்க்கிறவள் நான். சரியாகத்தான் உள்ளே வைப்பார்கள். வெடித்து வரும், கோணி வரும், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். மூன்று மாத வேலையை ஒரு வாளித் தண்ணீரில் போட எனக்குத் தைரியம் இல்லை. "மார்கழி முடியட்டும்ப்பா. அதுக்கப்புறம் அலசிக்கலாம்" என்றேன். அப்பா சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

மார்கழி முதல் தேதியிலிருந்து தம்பி அதைக் கழற்றவில்லை. கழுத்துப்பட்டி அகலமாக இருந்ததால் அம்மா அதை அவன் மூக்குவரை இழுத்துவிடுவாள். கண் மட்டும் தெரியும். "நல்லா மூடிக்கிட்டு மூச்சு வுடுடா, பனி உள்ள போவாது." அவன் அதற்குள்ளிருந்து பேசுவான். "அக்கா, இதுல உங்க ஷெட்டு வாசன அடிக்குது." ஈரச் சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஒரு வாசனை, எனக்கும் தெரியும். "அதான்டா நல்லது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நாலாம் நாள் காலை, கோயில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கும்போது அந்த விசில் கேட்டது. உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். உட்கார்ந்தபடி இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஸ்வெட்டரின் கைகள்தான் தரையில் மடங்கிக் கிடந்தன. அம்மா கழுத்துப்பட்டியை இன்னும் மேலே இழுத்து மூடினாள். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்து மூடினோம்.

ஆறு நாள் இழுத்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு ஊசி போட்டுத்தான் அடங்கியது. மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

பஸ் ஸ்டாண்டில் நல்ல வெயில். அந்த வெயிலிலும் அவனுக்கு ஸ்வெட்டரைப் போட்டுத்தான் அனுப்பினோம். அம்மா பஸ்ஸுக்குப் பக்கத்தில் வராமல் டீக்கடைத் தூணருகே நின்றுவிட்டாள். நான் ஜன்னலுக்குக் கீழே நின்று மாமாவிடம் சொன்னேன்.

"மாமா, இத மட்டும் தண்ணியில போட்டுடாதீங்க. சுருங்கிடும். வெடிச்சிடும். அழுக்கானா வெயில்ல காயப்போட்டு எடுத்து வெச்சிடுங்க, போதும்."

"சரிம்மா, தண்ணி படாமப் பாத்துக்கறேன். அழுவாத."

"சத்தியமா?"

"சத்தியமா."

பஸ் நகர்ந்தது. தம்பி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினான். கை தெரியவில்லை. நாவல்பழ நிறச் சட்டைக்கை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டே போனது. உள்ளே கை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தும், அது வெறும் துணி ஆடுவது போலத்தான் இருந்தது. இந்த ஐம்பது வருடத்தில் கொடியில் காயும் எந்தச் சட்டையின் கை காற்றில் தூக்கினாலும் ஓடிப்போய் அதை மடக்கிவிடுவேன்.

ஸ்ரீமுஷ்ணத்தில் அவனுக்கு உடம்பு தேறியது. ஓடுகிறான், வாய்க்காலில் குதிக்கிறான் என்று சேதி வரும். ஒவ்வொரு தை மாதமும் மாமா பொங்கலுக்குப் புது அரிசி கொண்டுவருவார். அம்மா தண்ணீர் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்பாள்.

"இந்த மார்கழியும் இழுத்துதாண்ணா?"

"வருஷம் பூரா ஒண்ணும் இல்லம்மா. மார்கழியில மட்டும் இழுத்துடுது. ஸ்வெட்டரக் கழட்டவே வுடறதில்ல, அப்பவும் வருது."

"சரி, அப்ப இன்னும் ஒரு வருஷம் அங்கியே இருக்கட்டும்."

இப்படி ஐந்து தை போயிற்று. பெரிதாகப் பின்னியதால் ஐந்து மார்கழிக்கும் அது அவனுக்குப் பத்தியது. ஆறாவது வருடம் கை குட்டையாகித் தோள் நுழையவில்லை. மடித்து ட்ரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அந்த வருடம் இழுப்பும் நின்றது. "வளந்துட்டான், வியாதி வுட்டுடுச்சு" என்றார்கள். ஆனால் அதற்குள் அவனுக்குப் பள்ளிக்கூடம் அங்கே, சிநேகிதர்கள் அங்கே. எங்கள் வீட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி ஓரமாக உட்காருவான். அம்மாவிடம் தண்ணீர் கேட்கக்கூடத் தயங்குவான். அம்மா கடைசிவரை அவனுக்குச் சோறு போடும்போது, "போதுமாப்பா?" என்று கேட்டாள். என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. தட்டில் கொட்டிவிட்டுப் போவாள்.

நான் அதே ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து முப்பது வருடம் ஓட்டினேன். எனக்கு நாற்பது வயது இருக்கும்போது ஒரு டாக்டரம்மா வந்து எங்கள் நெஞ்சை எல்லாம் பார்த்தார். பார்த்துவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள், தூசி படிந்த இந்தப் புடவையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூக்காதீர்கள், வீட்டு வாசலில் எதையும் உதறாதீர்கள், இழுப்பு இருக்கிற பிள்ளைக்கு இந்தத் தூசி ஆகவே ஆகாது என்றார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். நான் என் பத்து விரலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று யாரிடமும் சொல்லவில்லை. ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம் அல்லவா? நான் டாக்டருக்குப் படித்தவளா?

போன மாதம் தம்பி வந்தான். அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. மாமா வீட்டை இடித்துக் கட்டுகிறார்களாம். பையிலிருந்து ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தான்.

"இன்னான்னு தெரியுதாக்கா?"

வாசனை முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் கண் பார்த்தது.

"ட்ரங்குப் பெட்டியில இருந்துதுக்கா. இது இல்லன்னா நான் பொழச்சிருக்கவே மாட்டேன்னு அந்த வூட்ல எல்லாரும் சொல்லுவாங்க. ஒரு தடவகூட தண்ணியில நனைக்கலக்கா. மாமா உங்கிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்தாராமே?"

"ஆமாம்டா."

"உங்கையாலயே ஒரு தண்ணி அலசிக் குடு. எம் பேத்திக்கு இப்ப அஞ்சு வயசு. மார்கழிக்குப் போட்டு அழகு பாக்கணும். சுருங்கினாக்கூட அவளுக்குச் சரியா இருக்கும்."

அவன் போன பிறகு பின்பக்கம் வெயிலில் உட்கார்ந்து, வாளியில் தண்ணீர் பிடித்து, அதை உள்ளே அழுத்தினேன். தண்ணீர் அரிசி கழுவினது போல வெளுத்தது. பிறகு மோர் போல ஆனது. அலசி எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் மூடி வைத்தேன். மறுநாள் காலையில் மேல் தண்ணீரைச் சாய்த்துப் பார்த்தேன். வாளியின் அடியில் மெல்லிசாக, வழுவழுவென்று, வெள்ளையாக ஒரு படிவு. விரலால் வழித்துக் கட்டைவிரலில் தேய்த்தேன். முப்பது வருடம் அதில் கைவைத்தவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்வெட்டர் சுருங்கவில்லை. டேப் வைத்து அளந்தேன். ஒரு நூல்கூடக் குறையவில்லை. மருமகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கம்பளியே இல்ல அத்தை, நைலான் மாதிரி ஏதோ நூலு. மெஷின்ல போட்டுச் சுத்தினாலும் சுருங்காது" என்றாள். "கலரு எம்மாம் அழகா இருக்குது! இன்னா கலரு இது?"

நாவல்பழம். அப்படியே இருந்தது, கடைக்காரர் எடுத்துப் போட்ட அன்றைக்கு இருந்தது போல. ஒரு வாளித் தண்ணீர். பன்னிரண்டு வயதில் நான் பயப்படாமல் ஒரு வாளித் தண்ணீரில் அதைப் போட்டிருந்தால் போதும்.

மறுபடி அலசினேன். இரண்டாவது தண்ணீரும் வெள்ளை. ஐந்தாவதும் வெள்ளைதான். "தண்ணி தெளிவாத்தான அத்தை இருக்குது?" என்கிறாள் மருமகள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாரடி என்கிறேன். பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்கிறாள். எனக்குத் தெரிகிறது.

நேற்று தம்பி போன் செய்தான்.

"காஞ்சிதாக்கா? சுருங்கிடுச்சா?"

"இல்லடா. சுருங்கல."

"பாத்தியா, அப்பா கணக்கு தப்பாப் போச்சு!" என்று சிரித்தான். சிரித்து முடித்து மூச்சு விட்டான். அந்த மூச்சின் கடைசியில் விசில் இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மாவின் "போதுமாப்பா?" ஞாபகம் வந்தது. அவனை எங்கள் வீட்டில் விருந்தாளியாக்கியது பவுடரில் தோய்த்த என் விரல்தான் என்று எப்படிச் சொல்வேன்?

"அப்ப நாளைக்கு வந்து வாங்கிக்கட்டுமாக்கா? பாப்பா கேட்டுக்கிட்டே இருக்குது."

"அவசரப்படாத. இன்னும் ஒரு தண்ணி அலசிட்டுத் தரேன்டா."

போனை வைத்துவிட்டுப் பின்பக்கம் வந்தேன். கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டு அது தொங்கியது. காற்று வந்தபோது ஒரு கை மட்டும் எழும்பி, ஆடி, இறங்கியது. நான் அதை இறக்கி மறுபடியும் வாளியில் போட்டேன்.